ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஓட, குதிக்க, பந்து பிடிக்க, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோரும் பள்ளி பி.டி. ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் ஏறத்தாழ 3 முதல் 14 வயதுவரை உள்ள குழந்தைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தெரபி மையம் இல்லாத ஊரிலும் மொட்டை மாடி, வாசல், பள்ளி மைதானம் ஆகியவற்றை வைத்தே இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்யலாம்.

நாள் முழுக்க ஓடிக்கொண்டேதான் இருக்கிறான். அவனுக்கு எதற்குத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்?

ஓடுவது வேறு. "நில்" என்றதும் நிற்பது, வருகிற பந்துக்குத் தகுந்தபடி கையை விரிப்பது, ஒற்றைக் காலில் சமாளித்து நிற்பது எல்லாம் வேறு. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு பேலன்ஸிலும், இடது வலது இரண்டு பக்கத்தையும் சேர்த்து இயக்குவதிலும், நேரம் பார்த்து அசைவதிலும் சிரமம் இருக்கிறது. அடுத்து எந்த அசைவு என்று மனதுக்குள் வரிசைப்படுத்துவதிலும் தடுமாறுவார்கள். தெருவில் மற்ற பிள்ளைகள் பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்தே பாதி ஆட்டத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். பார்த்துச் செய்வதே இவர்களுக்குக் கடினம் என்பதால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஆகவே மற்றவர்களுக்குத் தானாக வருவதை இவர்களுக்கு நாம் படிப்படியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. சோம்பேறித்தனம், பிடிவாதம் என்று இதற்குப் பெயர் வைப்பது அநியாயம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

உலக சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு, மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் சேர்த்து, சராசரியாகத் தினமும் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைவு வேண்டும். வாரத்தில் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் வேலை இருக்க வேண்டும். குதிப்பது, ஏறுவது, தொங்குவது எல்லாம் இதில் சேரும்.

ஆனால் அந்த 60 நிமிடமும் பாடம் அல்ல. புதிய திறனைக் கற்றுக்கொடுக்கும் நேரம் தொடக்கத்தில் 5 நிமிடம், நாளுக்கு இரண்டு முறை போதும். பழகிய பிறகு 15 நிமிடம்வரை போகலாம். மீதி நேரம் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த, பிடித்த அசைவுகளுக்கு: ஊஞ்சல், படி ஏறுவது, கடற்கரையில் நடப்பது, அப்பாவோடு ஓடுவது. பாடத்தையும் ஆட்டத்தையும் கலந்துவிட்டால் பிடித்த ஊஞ்சல்கூட பிடிக்காமல் போய்விடும்.

எந்தத் திறனில் தொடங்குவது?

முதலில் இருப்பதைப் பாருங்கள். எதுவும் சொல்லித்தராமல், கை கொடுக்காமல், ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்யவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: ஓடி வந்து கோட்டில் நிற்பது, இரண்டு காலையும் சேர்த்துக் குதிப்பது, ஒற்றைக் காலில் நிற்பது, பெரிய பந்தைப் பிடிப்பது, எறிவது, உதைப்பது. பாதி வருகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சுத்தமாக வராததில் தொடங்கினால் நீங்களும் சோர்வீர்கள், குழந்தையும் சோர்ந்துவிடும்.

பாதி வருபவை இரண்டு மூன்று இருந்தால் அன்றாடம் பயன்படுவதை முதலில் எடுங்கள். எங்கள் தேர்வு எப்போதும் "ஓடி வந்து நிற்பது"தான். சாலையும் மொட்டை மாடிச் சுவரும் உள்ள இடத்தில் வேறு எந்தத் திறனையும்விட அது முக்கியம்.

எத்தனை முறை சொன்னாலும் செய்வதில்லை. காது கேட்கவில்லையோ என்று தோன்றுகிறது.

காது கேட்கும் திறனை ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது. அது சரியாக இருந்தால், பெரும்பாலும் நாம் அதிகம் பேசுவதுதான் காரணம். "கண்ணா, பந்து வருது பாரு, கையை நீட்டு, இப்படி இல்ல, அம்மாவைப் பாரு" என்பதில் மூன்று நான்கு கட்டளைகள் இருக்கின்றன. "பிடி" என்ற ஒரே சொல் போதும். அம்மா, அப்பா, தாத்தா, டீச்சர் எல்லாரும் அதே சொல்லைச் சொல்லட்டும். சொன்னபின் 5 முதல் 10 வினாடி வாய் மூடிக் காத்திருங்கள். நீங்கள் இரண்டாம் முறை சொல்லும்போது முதல் முறை சொன்னதைத்தான் அவன் இன்னும் மனதில் வாங்கிக்கொண்டிருப்பான். திரும்பச் சொன்னால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடும். "ஓடாதே" என்பதைவிட "நட" என்பது எளிது, ஏனென்றால் செய்யவேண்டியது அதிலேயே இருக்கிறது.

நிற்கும் இடமும் முக்கியம். எதிரே நின்று செய்துகாட்டினால் உங்கள் வலது கை அவனுக்கு இடது பக்கம் தெரியும். அதை மனதுக்குள் திருப்பிப் போட்டுக்கொள்வது பல குழந்தைகளுக்கு வருவதில்லை. பக்கத்தில், அவன் பார்க்கும் திசையையே பார்த்து நில்லுங்கள்.

சொல்லைவிட கண்ணுக்குத் தெரியும் அடையாளம் நன்றாக வேலை செய்யும். தரையில் சாக்பீஸால் இரண்டு பாதம் வரைந்தால் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எப்போது முடியும் என்பதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 12 செ.மீ. சதுரத்தில் துணிப்பை தைத்து 100 முதல் 150 கிராம் புளியங்கொட்டை போட்டு வாயைத் தைத்துவிடுங்கள். இப்படிப் பத்துப் பை. ஒவ்வொன்றாக வாளியில் எறிய வேண்டும். கீழே பை தீர்ந்தால் பாடம் முடிந்தது. "இன்னும் ஒன்னே ஒன்னு" என்று நீட்டாதீர்கள். முடிந்தது என்றால் முடிந்தது என்ற நம்பிக்கையில்தான் அவன் நாளைக்கு வருவான்.

ஒரு திறனைப் படிகளாக உடைப்பது எப்படி? ஒரு உதாரணத்தோடு சொல்லுங்கள்.

பந்து பிடிப்பதை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலானோர் இரண்டு மீட்டர் தள்ளி நின்று எறியத் தொடங்குகிறார்கள். பந்து முகத்தில் படுகிறது, குழந்தை மறுநாள் பந்தைக் கண்டாலே ஓடுகிறது. பந்து கைக்குள் வந்து சேரும் கடைசிக் கட்டத்திலிருந்து தொடங்குங்கள்.

முதல் படியில் எறிவதே கிடையாது. குழந்தை இரண்டு கையையும் முன்னால் நீட்டி நிற்கட்டும். காற்று பாதி இறங்கிய, 25 செ.மீ. அளவுள்ள மென்மையான பந்தை ஒரு சாண் தூரத்திலிருந்து அவன் கைகளுக்குள் வையுங்கள். அவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் போதும். பிறகு அதை வாளிக்குள் போட்டுவிட்டு வரட்டும். பிடித்த பந்தை என்ன செய்வது என்று தெரிந்தால்தான் பிடிப்பதற்கு அர்த்தம் உண்டு.

அது வந்துவிட்டால் ஒரு அடி தள்ளிக் கீழிருந்து மேலாக மெதுவாகத் தட்டிவிடுங்கள், தொப்புள் உயரத்துக்கு. பிறகு இரண்டு அடி, மூன்று அடி, ஐந்து அடி. அதன்பின் ஒருமுறை தரையில் மோதி எழும்பும் பந்து. பந்தின் அளவைக் குறைப்பது எல்லாவற்றுக்கும் பிறகுதான். டென்னிஸ் பந்து கடைசி. ஒரே நேரத்தில் தூரத்தையும் அளவையும் மாற்றாதீர்கள்.

எப்போது அடுத்த படிக்குப் போவது? பத்துக்கு எட்டு முறை, அடுத்தடுத்து இரண்டு நாள் வந்தால் போங்கள். இரண்டு நாள் தொடர்ந்து ஐந்துக்குக் கீழே இருந்தால் முந்தைய படிக்கு இறங்குங்கள். இறங்குவதில் எந்த நஷ்டமும் இல்லை.

இங்கே என்னென்ன தவறும்? முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடினால் பயம். பந்தை இன்னும் மென்மையாக்குங்கள், தூரத்தைக் குறையுங்கள். பந்து போனபிறகு கை மூடினால் வேகம் அதிகம்; பெரிய, லேசான பீச் பால் மெதுவாக வரும். பந்தை விட்டுவிட்டு உங்கள் முகத்தையே பார்த்தால் பந்தில் பளிச்சென்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள், அல்லது உள்ளே மணி உள்ள பந்து வாங்குங்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று வெள்ளைப் பந்து எறிவதும் அடிக்கடி நடக்கும் தவறு. பலூன் மெதுவாக வரும் என்று பலர் பரிந்துரைப்பார்கள். வெடிச்சத்தம் தாங்காத குழந்தைக்கும், எதையும் வாயில் வைக்கும் குழந்தைக்கும் அது வேண்டாம். கிழிந்த பலூன் துண்டு தொண்டையை அடைத்துவிடும்.

கையைப் பிடித்துச் செய்யவைக்கலாமா?

செய்யலாம், ஆனால் கையை எப்படி எடுப்பது என்பதை முதல் நாளே யோசித்துவிட வேண்டும். பின்னால் நின்று பிடியுங்கள். மணிக்கட்டில் தொடங்கினால் சில நாளில் முழங்கை, பிறகு தோள், பிறகு தொடாமல் கை மட்டும் அருகில், கடைசியில் ஒன்றுமில்லை. குழந்தை கையை உருவினால் உடனே விட்டுவிடுங்கள். இழுத்துப் பிடித்துச் செய்யவைக்கும் அசைவு பயிற்சி ஆகாது. லேசாகத் தொட்டால் கூசுகிற பல குழந்தைகளுக்கு, உறுதியாக, அசையாமல் வைத்த கை பரவாயில்லை.

முற்றிலும் புதிய திறன் என்றால் அதிக உதவியில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வாருங்கள். தவறான அசைவு பதியாமல் இருக்கும். பாதி தெரிந்த திறன் என்றால் முதலில் சில வினாடி காத்திருங்கள், பிறகு விரலால் காட்டுங்கள், அதற்கும் வராவிட்டால்தான் கை.

உதவிகளிலேயே விடுவிப்பதற்குக் கடினமானது வாய்ச்சொல். "குதி" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிச் சொல்லிப் பழக்கினால், சொல் வரும்வரை குதிக்காமல் நிற்கும் குழந்தை உருவாகும். கையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதைப்போல சொல்லை எடுப்பது எளிதல்ல. அதனால்தான் பாதம் வரைவது, வாளி வைப்பது போன்றவற்றை நாங்கள் இவ்வளவு வலியுறுத்துகிறோம்.

பரிசு கொடுத்தால் லஞ்சம் ஆகிவிடாதா?

ஆகாது. செய்து முடித்த 2, 3 வினாடிக்குள் கிடைக்க வேண்டும், அவனுக்கு உண்மையிலேயே பிடித்ததாக இருக்க வேண்டும்: ஒரு சுற்று தூக்கிச் சுற்றுவது, பிடித்த பாட்டின் இரண்டு வரி, ஊஞ்சலில் பத்து ஆட்டம். எப்போதும் பிஸ்கட் வேண்டாம். தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் கொடுங்கள், பிறகு இரண்டுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று. தண்ணீர், சாப்பாடு, அவன் எப்போதும் கையில் வைத்திருக்கும் பொருள் ஆகியவற்றைப் பறித்து வைத்துக்கொண்டு பரிசாகக் காட்டுவது கூடாது.

குதிக்கச் சொன்னால் ஒரு கால் மட்டும் எழும்புகிறது.

முழங்கால்களுக்கு நடுவே ஒரு புளியங்கொட்டைப் பையை வைத்து "கீழே விழாமல்" குதிக்கச் சொல்லுங்கள். இரண்டு காலும் தானாகச் சேரும். அதற்கு முன் முழங்காலை மடக்கி எழுவதைப் பழக்குங்கள். மடங்காத காலால் குதிக்க முடியாது. தரையில் படுக்க வைத்த ஒரு செங்கல் உயரத்திலிருந்து, உங்கள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கீழே குதிப்பது தரையிலிருந்து எழும்புவதைவிட எளிது. செங்கல் ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டின் கடைசிப் படி இருந்தால் அதுவே போதும்.

சைக்கிள் எத்தனை வயதில்? பக்கச் சக்கரம் போடலாமா?

வயதைவிட நின்று நடக்கும் பேலன்ஸைப் பாருங்கள். பக்கச் சக்கரம் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அது மிதிக்கக் கற்றுத்தரும், சாய்ந்து சமாளிக்கக் கற்றுத்தராது. சைக்கிளில் கடினமானதே அந்தச் சமாளிப்புதான். வழக்கம் ஊறிவிடும் குழந்தைக்குப் பிறகு அந்தச் சக்கரத்தைக் கழற்றுவது இன்னொரு போராட்டம்.

இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். 15 எம்.எம். ஸ்பேனர் பெரும்பாலான சைக்கிள்களுக்குப் பொருந்தும். வலது பெடல் வழக்கம்போல இடஞ்சுழியாகத் திருகினால் கழலும். இடது பெடலின் மரை தலைகீழ், வலஞ்சுழியாகத் திருகினால்தான் கழலும். தெரியாமல் மாற்றித் திருகி மரையைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய. பிறகு சீட்டை முழுக்க இறக்கி, உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தட்டையாகத் தரையில் படுகிறதா என்று பாருங்கள். படவில்லை என்றால் அந்த சைக்கிள் பெரிது.

வரிசை இப்படி: சீட்டில் உட்கார்ந்து நடப்பது. பிறகு எட்டிப் போட்டு நடப்பது. பிறகு இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு வழுக்கிப் போவது, முதலில் ஒரு வினாடி, பிறகு மூன்று, பிறகு 5 மீட்டர் தூரம். இதற்குச் சில நாளும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். 5 மீட்டர் நேராக வழுக்க வந்தபின் பிரேக். கை பிரேக்கை இழுக்க விரல் எட்டுகிறதா, அழுத்த வலு இருக்கிறதா என்று பாருங்கள். புது சைக்கிள்களில் கேபிள் மிக இறுக்கமாக இருக்கும், கடையில் தளர்த்திக் கொடுப்பார்கள். சாக்பீஸ் கோட்டில் நிறுத்த வந்த பிறகுதான் பெடல் மீண்டும் ஏறும். தொடங்கும்போது வலது பெடலை, சங்கிலி உள்ள பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகாரத்தின் 2 மணி முள் இருக்கும் இடத்தில் நிறுத்தி ஓர் அழுத்து.

நீங்கள் ஹேண்டில்பாரைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் பேலன்ஸ் செய்வது நீங்கள். ஒரு நீளத் துண்டை அக்குளுக்குக் கீழே நெஞ்சைச் சுற்றிப் போட்டுப் பின்னால் இரண்டு முனையையும் தளர்வாகப் பிடித்துக்கொண்டு ஓடுங்கள். விழும்போது மட்டும் துண்டு இறுகும். குழந்தை சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனால் நேராகப் போகாது. இன்னொருவர் எதிரே பத்து அடி தள்ளி, பிடித்த பொம்மையோடு நிற்கட்டும்.

ஹெல்மெட்டுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். முதல் நாள் மடியில் வைத்துக்கொள்வது, மறுநாள் தலையில் 10 வினாடி, பிறகு கார்ட்டூன் பார்க்கும்போது 2 நிமிடம். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நேராக உட்கார வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் ஒருமுறை விட்டால் அதுதான் அவனுக்கு விதி ஆகிவிடும்.

சாலை என்பது தனிப்பாடம். மைதானத்தில் நன்றாக ஓட்டுகிறான் என்பதற்காகத் தெருவுக்கு விடாதீர்கள்.

நீச்சல் பாதுகாப்பானதா?

கற்றுக்கொடுக்காமல் விடுவதுதான் ஆபத்து. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் சொல்லாமல் வீட்டைவிட்டு வெளியேறிவிடுவார்கள். பலரைத் தண்ணீர் ஈர்க்கும். கிணறு, ஏரி, கோயில் குளம், மூடியில்லாத சம்ப் எல்லாம் நம்மைச் சுற்றி இருக்கின்றன. ஆகவே கை கால் வீசி அழகாக நீந்துவது பிறகு. முதலில் நான்கு: தண்ணீரில் இறங்குவது, மல்லாந்து மிதப்பது, குப்புற விழுந்தால் புரண்டு மல்லாப்பது, சுவரைப் பிடித்து ஏறுவது. காற்றடைத்த கைப்பட்டையும் ட்யூபும் உடலை நிமிர்த்தியே வைத்திருக்கும், மிதக்கும் நிலையைக் கற்றுத்தராது. தண்ணீர் தன்னைத் தாங்கும் என்ற தப்பான தைரியத்தையும் கொடுத்துவிடும். இந்த நான்கும் வந்தபின் சில நாள் சாதாரண உடையோடும் பழக்குங்கள், ஏனென்றால் விழும்போது நீச்சல் உடை இருக்காது.

வீட்டிலேயே தொடங்கலாம்: குளிக்கும்போது ஒரு மக் தண்ணீர் தோளில், பிறகு பிடரியில், பிறகு தலையில். கிண்ணத்துத் தண்ணீரில் வாயால் குமிழி ஊதுவது. குளத்தில் ஒரு பெரியவர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில், கையில் போன் இல்லாமல். நீந்தத் தெரிந்தபிறகும் சம்ப் மூடிக்குப் பூட்டும் வாசலுக்குத் தாழ்ப்பாளும் வேண்டும்.

மைதானத்தில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

விசில்தான் காரணமாக இருக்கும். பி.டி. சாரிடம் கொடியோ கைதட்டலோ பயன்படுத்த முடியுமா என்று கேளுங்கள். கூட்டம் வரும் முன் பத்து நிமிடம் காலியான மைதானத்தைச் சுற்றி வரட்டும். டி-ஷர்ட் கழுத்து லேபிளை வெட்டுங்கள். ஷூவுக்குள் மணல் போவது, சாக்ஸ் தையல் விரலில் படுவது போன்றவற்றுக்கே சிலர் ஓட மறுப்பார்கள். சாக்ஸைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

நடுவில் கத்தி அழுது தரையில் விழுந்துவிட்டால்?

அந்த நேரத்தில் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. பேச்சைக் குறைத்து, கூட்டத்தை விலக்கி, அடிபடாமல் பார்த்துக்கொண்டு காத்திருங்கள். முடிந்தபின் யோசிக்க வேண்டியவை: பாடம் நீண்டுவிட்டதா, எப்போது முடியும் என்று தெரியாமல் இருந்ததா, பசியா, சத்தமா, எங்காவது வலியா.

"போதும்" என்ற படம் உள்ள அட்டை ஒன்றைப் பழக்குங்கள். அவள் அட்டையைக் கொடுத்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். முதல் வாரம் நிமிடத்துக்கு ஒருமுறை கொடுப்பாள். கொடுத்தால் நிற்கிறது என்று நம்பிக்கை வந்தபின் குறையும். பேச வராத குழந்தைக்கு இது உடற்பயிற்சியைவிடப் பெரிய பாடம்.

கபடி, கிரிக்கெட் மாதிரி குழு விளையாட்டில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், அவசரப்பட வேண்டாம். முதலில் தனியாகச் செய்து பக்கத்தில் மற்றவர்களும் செய்யும் விளையாட்டு: ஓட்டம், நீளம் தாண்டுதல், நீச்சல், ஸ்கேட்டிங், யோகா. பிறகு ஒரே ஒரு நண்பனோடு பந்து மாற்றுவது, பிறகு மூன்று பேர். கபடியில் தொடுவதும் இழுப்பதும் கூச்சலும் சேர்ந்து வருவதால் அதைக் கடைசியில் வையுங்கள். ஆட்டத்தில் அவனுக்கு ஒரே வேலை கொடுங்கள், அதே வேலையைப் பல நாள் கொடுங்கள். காத்திருக்கும் முறை வந்தால் நிற்பதற்குத் தரையில் ஒரு வளையம் போடுங்கள். ஆசிரியர்களுக்கு: ஸ்கோர் எழுத வைத்து ஓரத்தில் உட்காரவைப்பது சேர்த்துக்கொள்வதாகாது.

குதிகால் படாமல் நுனிக்காலில் நடக்கிறான்.

ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளிடம் இது உண்டு. நீண்ட நாள் தொடர்ந்தால் கெண்டைக்கால் தசை இறுகிவிடும். குந்தி உட்காரும்போது குதிகால் தரையில் படுகிறதா பாருங்கள். படவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். இதுவரை நன்றாக நடந்தவன் திடீரென இப்படி மாறினாலோ ஒரு காலில் மட்டும் இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

மருந்து சாப்பிடுகிறான், வலிப்பும் உண்டு. விளையாடலாமா?

பெரும்பாலும் விளையாடலாம். ஆனால் நீச்சல், உயரம் ஏறுவது, சைக்கிள் ஆகிய மூன்றையும் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்குங்கள். தண்ணீரில் அவனுக்கென்றே ஒரு பெரியவர் இருக்க வேண்டும். ரிஸ்பெரிடோன் என்ற மருந்து பசியையும் எடையையும் கூட்டும், எனவே அதை எடுக்கும் குழந்தைக்குத் தினசரி அசைவு இன்னும் தேவை. தாகம் எடுப்பதைப் பல குழந்தைகள் உணர்வதோ சொல்வதோ இல்லை. "தண்ணி வேணுமா?" என்று கேட்காமல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நான்கைந்து மடக்கு கொடுத்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் காலை 8 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

வீட்டில் செய்வதைப் பள்ளியில் செய்வதில்லையே?

அவனுக்கு அது "மொட்டை மாடியில், அப்பாவோடு, சிவப்புப் பந்தில்" செய்யும் வேலை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: அதே மாடி, அதே அப்பா, நீலப் பந்து. பிறகு அதே பந்து, அத்தை. பிறகு அதே பந்தோடு பள்ளி மைதானம், பள்ளி முடிந்த நேரத்தில். எந்தச் சொல், எந்த அடையாளம், எவ்வளவு உதவி என்பதை ஒரு அட்டையில் மூன்று வரியில் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள்.

செலவில்லாமல் உதவி எங்கே கிடைக்கும்?

தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் கீழ் இயங்கும் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநரும் பிசியோதெரபிஸ்டும் பார்க்கிறார்கள். பள்ளித் தலைமையாசிரியர் வழியாகக் கேட்கலாம். மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று, ஆகவே யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு தெரபி செலவுகளுக்கும் உதவும். அதன் மொத்த வரம்பு 1 லட்சம் ரூபாய். அறிவுசார் குறைபாடும் சேர்ந்து உள்ள குழந்தைகளுக்கு ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் என்ற விளையாட்டு அமைப்பு இருக்கிறது. போட்டிக்கு 8 வயது ஆக வேண்டும். அதற்குக் கீழே 2 முதல் 7 வயதுவரை யங் அத்லீட்ஸ் என்ற தனித் திட்டம் உண்டு.

முன்னேறுகிறானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, படி, பத்துக்கு எத்தனை, எவ்வளவு உதவி (கை, விரல் காட்டல், சொல், எதுவுமில்லை). "இன்று பரவாயில்லை" என்று எழுதுவதில் பயனில்லை. பத்துக்கு எட்டு என்ற எண் மாறாமல் இருந்தாலும் "கை" என்பது "விரல் காட்டல்" ஆகியிருந்தால் அது முன்னேற்றம். மூன்று வாரம் எண்ணும் உதவியும் இரண்டுமே அசையாவிட்டால் குழந்தையை மாற்ற முயலாமல் படியை மாற்றுங்கள்: இரண்டாக உடையுங்கள், அல்லது அந்தத் திறனை ஒரு மாதம் ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். காய்ச்சல், ஊர்ப்பயணம், பள்ளி விடுமுறை முடிந்து வரும் நாளில் இரண்டு படி கீழே இறங்கித் தொடங்குங்கள்.